பிரின்ஸ்லெற் வீதி, 19ஆம் இலக்க வீடு

கிழக்கு இலண்டனில், பிறிக் லேனுக்கு அண்மையிலுள்ள பிரின்ஸ்லெற் வீதியில், 19ஆம் இலக்கமிட்ட பழைய செங்கல் வீடொன்று நிற்கின்றது. வீதியில் நிற்போருக்கு அது அதிகம் பேசாது. ஒடுங்கிய முகப்பு, அயல் வீடுகளோடு ஒட்டி நிற்கும் பக்கச் சுவர்கள், உச்சியில் மட்டும் சற்று விசித்திரமான அகன்ற சாளரம். ஆயினும் அகதி வாழ்வை அறிந்தவர்களுக்கு இவ்வீட்டின் கட்டடக்கலை மிக நெருக்கமானது.

1719இல் கட்டப்பட்ட இவ்வீட்டில் முதலில் குடியேறியோர் ஒஜியே என்னும் பட்டுத் தொழிற் குடும்பத்தினர். பிரான்சில் புரட்டஸ்தாந்தருக்கு இருந்த சமய உரிமையைப் பதினான்காம் லூயி மன்னன் 1685இல் இரத்துச் செய்தபின் ஆயிரக்கணக்கில் தப்பியோடிய ஹியூகனோக்களின் வழியினர் அவர்கள். அகதி என்னும் பொருள்தரும் 'றெபியூஜி' என்ற சொல்லே இம்மக்களோடுதான் ஆங்கிலத்துள் நுழைந்தது.

உச்சிச் சாளரம் அழகுக்காக அமைந்ததன்று. பட்டிழைகளின் நிற வேறுபாட்டை மெழுகுவர்த்தி ஒளியில் பிரித்தறிதல் கடினம். ஆதலால் கூரையடியில் தறிக்கூடம் அமைத்துப் பகலொளியை இயன்றவரை உள்ளே அழைத்தனர். (வீடு எழுந்த அதே 1719இல், இந்தியப் பருத்திச் சீத்தை அணிந்த பெண்களை இலண்டன் நெசவாளர் வீதிகளில் தாக்கினர் என்பதும் வரலாறு. அத்துணிகளுள் சோழமண்டலக் கரையின் சீத்தைகளும் அடங்கும்.)

பட்டுத் தொழில் நலிந்தது, நெசவாளர் அகன்றனர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர் வந்தனர். 1869இல் அவர்கள் பின்புறத் தோட்டத்தை மூடித் தொழுகைக்கூடம் ஒன்றை எழுப்பினர். இரும்புத் தூண்கள் தாங்கும் பெண்கள் மாடம், மேலே நிறக் கண்ணாடிக் கூரை, மாடத்தின் முகப்புப் பலகைகளிலே நன்கொடையாளர் பெயர்கள். எமது கோவில்களில் உபயகாரர் பெயர் பொறிக்கும் வழக்கம் இங்கு நினைவுக்கு வராமற் போகாது. மேல்மாடியில் வாழ்ந்த டேவிட் றொடின்ஸ்கி என்பவர் 1960களின் பிற்பகுதியில் காணாமற்போனார். 1980 அளவில் அவரது அறை திறக்கப்பட்டபோது நூல்களும் குறிப்பேடுகளும் கிடந்தபடியே கிடந்தன.

இரண்டாம் தர நட்சத்திரப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடம் இது. வெளிமுகப்பு மட்டுமன்றி உட்புறமும் சட்டப் பாதுகாப்புக்குரியது. ஆனால் எதைப் பாதுகாப்பது? 1719ஆம் ஆண்டுத் தோற்றத்தை மீட்பதானால் தறிக்கூடத்தையும் தொழுகைக்கூடத்தையும் இடித்தாக வேண்டும். அப்படிக் கிடைப்பது இலண்டனில் வேறிடங்களிலும் காணக்கூடிய ஒரு வணிகர் வீடாகவே இருக்கும். வந்தேறிகள் தம் தேவைக்காக ஒட்டிச் சேர்த்தவையே இவ்வீட்டின் உண்மைச் சிறப்பு என்பது எமது எண்ணம்.

இடர் வேறிடத்தில் உள்ளது. ஒரு குடும்பத்துக்கென இட்ட மரத்தளங்கள் பெருங்கூட்டத்தைத் தாங்கா. அதனாலேயே, குடிவரவு அரும்பொருளகமாகத் திறக்கப்பட்ட பின்பும் ஆண்டில் ஒருசில நாட்களே மக்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டு வந்தனர். கதவு மூடியிருப்பினும் எதிர்ப்புற நடைபாதையில் நின்று அண்ணாந்து நோக்கினால், தறிக்கூடத்துச் சாளரம் தெரியும்.