விமானத்தை பேட்டரியில் ஓட்ட முடியுமா?

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் சில மாதங்களில் கற்றுக் கொள்ளும் பாடம், திரையின் ஓரத்தில் தெரியும் பேட்டரி அளவை முழுவதும் நம்பக் கூடாது என்பதுதான். என் பழைய லேப்டாப் 18 சதவீதம் மீதம் இருப்பதாகக் காட்டிவிட்டு, அடுத்த நொடியே அணைந்துவிடும். டைப் செய்த பக்கம் போனால் மீண்டும் டைப் செய்து கொள்ளலாம். இதே லித்தியம் அயன் பேட்டரியை நம்பி வானத்தில் பறப்பவருக்கு அந்த வசதி இல்லை.

மின்சார விமானம் புதிய எண்ணம் அல்ல. 1973 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஒரு சிறிய விமானம், நிக்கல் காட்மியம் பேட்டரியின் துணையுடன் ஒருவரைச் சுமந்து பறந்தது. பறந்த நேரம் கால் மணிக்கும் குறைவு. 2020 ஜூனில்தான், பிபிஸ்ட்ரெல் நிறுவனத்தின் வெலிஸ் எலக்ட்ரோ என்ற மின்சார விமானம் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழைப் பெற்றது. இத்தகைய சான்றிதழ் பெற்ற முதல் மின்சார விமானம் இதுவே. இதில் இருவர் மட்டுமே அமரலாம். ஒரு சார்ஜில் ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே பறக்கும்.

ஏன் இவ்வளவுதான்? உங்கள் லேப்டாப் பேட்டரியைத் திருப்பிப் பாருங்கள். அதில் வாட் ஹவர் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும். 50 என்று வைத்துக் கொள்வோம். ஒரு கிலோ விமான எரிபொருளில் சுமார் 12,000 வாட் ஹவர் ஆற்றல் உள்ளது. அதாவது 240 லேப்டாப் பேட்டரிகள்! ஒரு கிலோ லித்தியம் அயன் பேட்டரியில் கிடைப்பதோ சுமார் 250 தான்.

மோட்டார் மீது குற்றம் இல்லை. கிடைக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்திற்கு மேல் வேலையாக மாற்றிவிடும். எரிபொருள் இன்ஜினில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. இதைக் கழித்த பிறகும் பேட்டரி சுமார் 15 மடங்கு எடை கூடுதல். ஏர்பஸ் ஏ320 விமானம் சுமார் 19 டன் எரிபொருள் கொள்ளும். அதற்கு ஈடான பேட்டரி 285 டன் வரும். அந்த விமானம் மொத்தமாகவே 78 டன்னுக்கு மேல் தூக்காது. எரிபொருள் தீரத்தீர விமானம் லேசாகும்; காலியான பேட்டரியின் எடையோ குறையாது.

வெப்பம் இன்னொரு தொல்லை. சூரிய ஒளியில் உலகைச் சுற்றிய சோலார் இம்பல்ஸ் 2 விமானம், 2015ல் அகமதாபாத்திலும் வாரணாசியிலும் இறங்கிச் சென்றது. ஜப்பானிலிருந்து ஹவாய் போகும் வழியில் அதன் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதடைந்தன. பயணம் மீண்டும் தொடங்கியது 2016 ஏப்ரலில்தான்.

மற்றொரு சிக்கல் விதிமுறை. பல நாடுகளில், சிறு விமானங்களும் பகலில் 30 நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருளைக் கையிருப்பாக வைத்துக் கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேர பேட்டரியில் அரை மணியைத் தொடாமல் வைத்தால் பயணிக்க என்ன மிஞ்சும்?

ஒன்பது பயணிகளுக்காக வடிவமைக்கப்பட்ட ஆலிஸ் விமானம், 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் 8 நிமிடம் பறந்து காட்டியது. அதைத் தயாரித்த நிறுவனம் 2025ல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டிற்கு அனுப்பிவிட்டது. எனவே நீண்ட தூர மின்சார விமானம் பற்றிய விளம்பரங்களை நான் நம்புவதில்லை. பேட்டரியுடன் எரிபொருளையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஹைபிரிட் முறை அதற்கு முன்னால் வரலாம். பயிற்சிப் பள்ளிகளில் நிலைமை வேறு. மாணவர் மேலே ஏறி, ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்கிவிடுவார். சார்ஜர் பக்கத்திலேயே இருக்கும்.