ஏழு அணுக்கள் அளித்த சான்று

ஒரு பொருளின் இயல்பை அறிய வேண்டுமாயின் அதனைக் கையில் எடுத்துப் பார்க்கின்றோம். நிறுத்தும் சுட்டும் கரைத்தும் பார்க்கின்றோம். வேதியியல் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன குடுவையும் சோதனைக் குழாயுமே. ஆனால் கண்ணுக்குப் புலனாகாததும், தோன்றிய சில விநாடிகளில் அழிந்துபடுவதும், ஏழே அணுக்களாகக் கிட்டியதுமான ஒரு பொருளின் பண்பை எவ்வாறு அறிவது? மொழி பயிற்றும் நமக்கும் இவ்வினாவில் ஈடுபாடு உண்டு. சிறு சான்றிலிருந்து பேருண்மையை உய்த்துணர்தல் எல்லாத் துறைக்கும் பொதுவான ஆய்வு நெறியன்றோ?

பெயரும் பிறப்பும்

108ஆம் தனிமமாகிய ஹாசியம் இயற்கையில் கிடைப்பதன்று. 1984ஆம் ஆண்டு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வு நிலையத்தில், பீட்டர் ஆம்புருஸ்டர், காட்ஃபிரீட் மூன்சென்பெர்க் ஆகியோர் தலைமையிலான குழுவினர் இதனை உருவாக்கினர். அந்நகர் அமைந்த ஹெஸ்ஸே மாநிலத்தின் இலத்தீன் பெயரே தனிமத்தின் பெயராயிற்று. 1997இல் அப்பெயர் பன்னாட்டு ஏற்பைப் பெற்றது.

குடும்பப் பண்பு

தனிம வரிசை அட்டவணையின் 8ஆம் தொகுதியில் இரும்பு, ருத்தேனியம், ஆஸ்மியம் ஆகியவற்றின் கீழே ஹாசியம் நிற்கின்றது. ஒரே தொகுதியில் நிற்பன பண்பாலும் ஒத்திருக்கும் என்பது 1869இல் மெண்டலீவ் வகுத்த நெறி. உலோக ஆக்சைடுகள் பெரும்பாலும் எளிதில் ஆவியாவதில்லை. ஆனால் ருத்தேனியமும் ஆஸ்மியமும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு கூடி, எளிதில் ஆவியாகும் டெட்ராக்சைடுகளைத் தருகின்றன. ஆஸ்மியம் டெட்ராக்சைடு 130 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். இந்த நச்சுப்பொருளின் நெடியைக் கொண்டே, மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஆஸ்மியம் பெயர் பெற்றது.

ஹாசியமும் இக்குடும்பப் பண்பைக் காக்குமா? ஐயத்திற்கு இடமுண்டு. 108 புரோட்டான்கள் செறிந்த அணுக்கருவின் ஈர்ப்பால், அதனை அடுத்துள்ள எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்கதாகின்றது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி இதனால் உள்வட்டங்கள் சுருங்குகின்றன. வேதிவினைக்குரிய வெளி எலக்ட்ரான்களின் நிலையும் மாறுகின்றது. எனவே மெண்டலீவின் நெறி அட்டவணையின் கடைக்கோடியிலும் செல்லுமா என்பதே ஆய்வாளர் முன்நின்ற வினாவாகும்.

சோதனையும் முடிவும்

2001இல் அதே டார்ம்ஸ்டாட் நகரில் இச்சோதனை நிகழ்ந்தது. க்யூரியம்-248 மீது மக்னீசியம்-26 அயனிகள் மோதவிடப்பட்டன. பிறந்த ஹாசியம் அணுக்களை ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயு, சுமார் 600 பாகை வெப்பமுள்ள உலையின் வழியே ஏந்திச் சென்றது. ஆக்சைடாக மாறியவை அடுத்து ஒரு குறுகிய பாதையுள் புகுந்தன. அப்பாதையின் தொடக்கம் −20 பாகை. முடிவு −170 பாகை. இருபுறமும் சிலிக்கான் உணர்கருவிகள் அமைந்திருந்தன. தன் இயல்புக்கேற்ற குளிர்ச்சி வாய்த்த இடத்தில் மூலக்கூறு சுவரில் ஒட்டிக்கொள்ளும்; அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகளை உமிழும். அடுத்தடுத்து நிகழும் அச்சிதைவுகளின் வரிசையே, வந்தது ஹாசியந்தான் என்பதற்குரிய கையொப்பம்.

அவ்வாறு அறியப்பட்டவை ஏழே அணுக்கள். அவை −44 பாகையை ஒட்டிய பகுதியில் தங்கின. அதே கருவியில் ஆஸ்மியம் டெட்ராக்சைடு −82 பாகை அளவில் தங்கியது. ஹாசியத்தின் ஆக்சைடு வாயுவோடு அங்கு வந்து சேர்ந்ததே அதன் ஆவியாகும் தன்மைக்குச் சான்று. ஆகவே குடும்பப் பண்பு மாறவில்லை. ஆயினும் சற்று வெப்பமான இடத்திலேயே தங்கிவிட்டமையால், சுவரோடு அது கொள்ளும் பிணைப்பு ஆஸ்மியத்தின் ஆக்சைடு கொள்வதினும் வலியது என்பதும் புலனாயிற்று. 2004இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஈரமூட்டிய சோடியம் ஹைடிராக்சைடுப் பரப்பிலும் இவ்வாக்சைடு ஆஸ்மியத்தினுடையதைப் போன்றே வினைபுரியக் காணப்பட்டது.

நிறைவாக ஒன்று சொல்வோம். இம்மூலக்கூறின் வடிவை எவரும் நேரில் கண்டதில்லை. டெட்ராக்சைடு என்பது அதன் ஒழுகலாற்றைக் கொண்டு உய்த்துணர்ந்த முடிபே. ஏழு அணுக்கள் சொன்னதற்கு மேல் ஆய்வாளர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. சொன்னதைக் குறைத்து மதிக்கவுமில்லை. ஓலைச்சுவடியில் எஞ்சிய ஓரடியை வைத்துப் பாடம் தேறுவோர்க்கும் வேண்டப்படுவது இந்த நேர்மையே. மாணவச் செல்வங்கள் எத்துறையில் ஆய்வு மேற்கொள்ளினும் இதனை நெஞ்சில் இருத்துவார்களாக.