செம்மறிக் குட்டிக்குப் போத்தல் சாறா, வேலிக் குழையா?

"பாதர், இந்த மூலிகைத் தண்ணியைக் குடுத்தால் குட்டி கெதியாக் கொழுக்குமோ?" மீள்குடியேறிய கிராமங்களிலும், 1990ஆம் ஆண்டு விட்டுவந்த காணி இன்னும் கைக்கு வராத வலிகாமம் வடக்குக் குடும்பங்களிடையேயும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காணியற்ற குடும்பத்திற்கு இரண்டு மறிகளும் அவற்றின் குட்டிகளுமே சேமிப்புப் புத்தகம். அந்தச் சேமிப்பிலிருந்துதான் போத்தலுக்கும் காசு எடுக்க வேண்டும். ஆதலால் விடையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

விலங்குகள் விரைவாக வளர வேண்டுமென்று நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைச் சிறிதளவு தீனில் கலக்கும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுங்காலம் இருந்தது. அதனால் மனிதரின் நோய்களுக்கும் அம்மருந்துகள் பலிக்காமற் போகும் என்ற அச்சத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி முதல் அதனைத் தடைசெய்தது. அந்த இடைவெளியை நிரப்பவே உள்ளி, கறுவா, கராம்பு போன்றவற்றின் சாறுகளும் எண்ணெய்களும் பெருமளவில் சந்தைக்கு வந்தன. இவை அசையிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களில் சிலவற்றை அடக்குகின்றன. தீன் வீணாவது அதனால் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் சில வாரங்களில் அந்நுண்ணுயிர்கள் சாற்றுக்குப் பழகிவிடுவதும் உண்டு. சில பரிசோதனைகளில் குட்டிகள் நிறை கூடின. வேறு பலவற்றில் வித்தியாசமே இல்லை. அவையும் பெரும்பாலும் கொட்டிலில் வயிறு நிறையத் தானியம் உண்ட குட்டிகள். அரைவயிற்றுக் குட்டிக்குச் சாறு பருக்குவது அடுப்பில் உலையே இல்லாதபோது தாளிதம் செய்வது போன்றது.

ஆனால் நமது வேலிகளிலும் வளவுகளிலும் உள்ள குழைகளில் மெய்யான பயன் உண்டு. மரவள்ளி இலையையோ பலா இலையையோ மென்றால் வாயை இழுக்கும் துவர்ப்பு ஒன்று இருக்கிறது. அத்துவர்ப்புப் பொருள் அளவோடு இருந்தால், தீனிலுள்ள புரதத்தை அசையிரைப்பையில் கரையவிடாது காத்துக் குடலுக்கு அனுப்புகிறது. அது குட்டியின் தசையாகிறது. அளவு மிஞ்சினால் குட்டி தீனையே வெறுக்கும்.

இதைவிடப் பெரிய பயன் வேறொன்று. செம்மறிக் குட்டியைக் கொல்வது பசி மட்டுமல்ல, பூச்சியும்தான். நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் பூச்சியொன்று உண்டு. ஒரு பெண்பூச்சி நாளொன்றுக்கு 5,000இற்கு மேல் முட்டையிடும். ஆயிரம் பூச்சிகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் இரத்தம் போய்விடும். பத்துக் கிலோக் குட்டியின் உடலில் உள்ள முழு இரத்தமே 700 மில்லிலீற்றர் அளவுதான்! பிழுக்கையோடு விழும் முட்டை மாரி ஈரத்தில் ஒரு வாரமளவில் குஞ்சாகிப் புல்லில் ஏறும். அதுவும் பெரும்பாலும் நாலைந்து அங்குல உயரத்திற்குள்ளேயே. இடமில்லாமையால் ஒரே வெறுங்காணியில் நாளாந்தம் கட்டையடித்துக் கட்டுகிற நம்மவரின் குட்டிகளே இதில் அதிகம் அகப்படுகின்றன. உயரத்திலிருந்து வெட்டிக் கட்டித் தொங்கவிட்ட குழையில் இந்தக் குஞ்சுகள் இல்லை. குழையின் 'மருத்துவக் குணம்' என்று நாம் புகழ்வதிற் பாதி அது நிலத்தைத் தொடாமையே.

பத்துக் கிலோக் குட்டிக்கு நாளுக்கு அரைக் கிலோப் பச்சைக் குழை அளவானது. மிகுதி புல்லும் ஒரு பிடி தவிடும் பிண்ணாக்கும். சீமைக்கிளுவையின் மணத்தைச் செம்மறி முதலில் விரும்பாது. முதல்நாள் வெட்டி வாடவிட்டுக் கொடுங்கள். இப்பிலிப்பில் மொத்தத் தீனில் மூன்றிலொன்றைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மயிர் உதிரும். மரவள்ளி இலையைப் பச்சையாக ஒருபோதும் கொடுக்க வேண்டாம். அதில் நஞ்சுண்டு. சிறிதாக நறுக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்திக் கொடுத்தால் சிறந்த தீன். கிழங்கு கிண்டும் காலத்தில் இலையை எறிந்துவிடுவது பெரும் நட்டம். காலையில் பனி உலர்ந்த பின்னரே குட்டியை மேயவிடுங்கள்.

வேப்பஞ் சாறு பற்றியும் கேட்கிறார்கள். வேப்பங்குழையைக் கோடையில் ஆடு தின்பது நல்லதே. ஆனால் பூச்சியை அது கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். செய்து பார்த்த பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. குட்டியின் கீழ்க் கண்மடலை இழுத்துப் பாருங்கள். சிவப்பாயின் பயமில்லை. வெளிறியிருந்தால், அல்லது தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தால், அன்றே மிருக வைத்தியரிடம் பூச்சி மருந்து பெற வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் குழையும் உதவாது. வெளிறிய குட்டிக்கு மட்டும் மருந்து கொடுப்பதே முறை. எல்லாவற்றிற்கும் அடிக்கடி கொடுத்தால் பூச்சி மருந்துக்குப் பழகிவிடும்.

தொடக்கநூலில் யாக்கோபும் ஊரை விட்டோடி, பிறர் நிலத்தில் மந்தை மேய்த்தே தலைநிமிர்ந்தவர். அவர் தண்ணீர்த் தொட்டியில் கொப்புகளை நட்டதைச் சுட்டிக்காட்டி, அது அந்தக் காலத்து மூலிகை மருந்தோ என்று ஒருவர் எம்மிடம் கேட்டதுண்டு. அல்ல. இரவிற் குளிரையும் பகலில் வெயிலையும் தாங்கி மந்தையோடு கிடந்ததாக அவரே பின்னர் சொல்கிறார். எமக்கு அந்தப் பகுதிதான் பிடித்தது.

போத்தலை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதனை எறிய வேண்டாம். ஒரே வயதுக் குட்டிகளுள் இரண்டுக்குக் கொடுத்து, இரண்டுக்குக் கொடாமல் விடுங்கள். நான்கிற்கும் ஒரே குழை, ஒரே தவிடு. சாக்கில் இட்டுத் தராசில் தூக்கி, பதினைந்து நாளுக்கொருமுறை நிறையைக் குறித்து வாருங்கள். இரண்டு மாதக் கணக்கோடு வாருங்கள். அடுத்த போத்தல் வேண்டுமா என்று அப்போது சேர்ந்து பார்ப்போம்.