டிரங்குப் பெட்டியில் தாத்தா படம்: பெயர் கேட்டு எழுதிவிட்டீர்களா?

பாலக்காடு: (நமது நிருபர்)

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். இறந்தவர் அந்த வீட்டுப் பெரியவர். வயது எண்பத்தாறு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பேரன் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகச் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தான். உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறானாம்.

ஒரு படத்தில் தலைப்பாகையும் கோட்டுமாக ஒருவர், பக்கத்தில் பின்கொசுவம் வைத்த அம்மாள், அவர் மடியில் ஒரு குழந்தை. "இவங்கெல்லாம் யார் தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க. தாத்தாவுக்குத்தான் தெரியும்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. ஆனால் எல்லை தாண்டிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. கல்யாணப் படம் பொள்ளாச்சியிலோ போடியிலோ கம்பத்திலோ எடுத்ததாக இருக்கும். ஒரு பிரதி பிறந்த வீட்டில் இருக்கும்; இன்னொன்று மலையேறி லயத்துக்குப் போயிருக்கும். எஸ்டேட்டில் வேலை ஓய்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்போது மூட்டை முடிச்சுகளோடு அந்தப் படமும் ஊர் ஊராக அலையும். பெரும்பாலான வீடுகளில் மிச்சமிருப்பது ஒரே ஒரு பிரதிதான்.

அந்த ஒரே பிரதி போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் தாயாரின் இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரிதாக்கித் தரும்படி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கடை கை மாறியது. ரசீது என்னிடம் இருக்கிறது, படம் இல்லை. அன்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பை மூணாறு மலை கண்டிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மண் சரிந்து, தொழிலாளர் லயங்களை மூடியது. கிடைக்காமற்போனவர்களையும் சேர்த்து 70 பேர் மாண்டனர். அவர்களில் பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். அப்படிப்பட்ட இரவில் வீட்டோடு சேர்ந்து பெட்டியும் படமும் மண்ணுக்குள் போய்விடும். வேறு ஊரில் உறவுக்காரர் கையில் ஒரு பிரதி இருந்தால்தான் மாண்டவர் முகத்தைப் பிறகு பார்க்க முடியும்.

ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்ற ஒரு ரயில் இருந்தது. 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908 முதல் இரண்டடி அகலப் பாதையில் நீராவி இன்ஜினுடன் ஓடியது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த ரயில் எப்படி இருந்தது என்று இன்று நமக்குக் காட்டுபவை பழைய புகைப்படங்கள்தான். ரயிலுக்கு நேர்ந்தது குடும்பத்துக்கும் நேரும்.

நகல் எடுப்பது பெரிய வித்தை அல்ல. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, வெயில் நேரே படாத ஜன்னலோரம் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. அப்படியே கண்ணாடியோடு எடுத்துக்கொள்வது மேல். கம்ப்யூட்டர் சென்டரில் ஸ்கேன் செய்வதானால், சிறிய படத்துக்கு 600 டி.பி.ஐ. வைக்கச் சொல்லுங்கள், கூடவே நின்று அசலைக் கையோடு வாங்கி வாருங்கள். பின்புறத்தையும் எடுக்க வேண்டும், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் குறையாது. எழுபது, எண்பதுகளில் எடுத்த கலர் படங்களை முதலில் கவனியுங்கள். கறுப்பு வெள்ளையைவிட அவைதாம் சீக்கிரம் சிவந்து வெளிறிப் போகின்றன.

ஆனால் இவையெல்லாம் பாதி வேலைதான். பெயர் இல்லாத படம் நாளைக்கு யாரோ ஒருவர் படம். வீட்டில் மூத்தவரை உட்கார வைத்து, இவர் யார், எந்த ஊர், என்ன முறை என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செல்போனிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். நம் பிள்ளைகள் பலர் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள்; தமிழில் எழுதி வைத்ததை வாசிக்கத் தெரியாத பேரன்கூட பாட்டி பேசியதைக் கேட்டால் புரிந்துகொள்வான்.

இத்தகைய படங்களுக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியுடன், தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி எண்மப் பிரதி எடுத்துள்ளனர். ஆய்வாளர்கள் தேடி வரும் பொருள் நம் பரணில் கறையான் தின்னக் கிடக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பையன் நேற்று போன் செய்தான். அவன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஆனைமலையிலுள்ள தாத்தாவின் தங்கை குரல் பதிவு அனுப்பியிருக்கிறாராம். எனக்கும் போட்டுக் காட்டினான்.

"அது எங்க அப்பனும் ஆத்தாளும் கண்ணு. மடியில இருக்கறது எங்க மூத்த அக்கா. நான் பொறக்கறதுக்கு முன்னாலயே அம்மை கண்டு போயிட்டாளாம், ஆத்தா சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தக் கோட்டு எங்க அப்பனுது இல்ல, ஸ்டூடியோக்காரருது!"

சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிக்கிறார். சிரிப்பு பாதியில் நிற்கிறது. பிறகு அக்காளின் பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். பையன் அதைப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்துவிட்டானாம்.

அடுத்த பண்டிகைக்கு ஊருக்குப் போகும் அன்பர்களே, துணிமணி எடுத்துக்கொண்டு போவது இருக்கட்டும். போனதும் பரணிலிருந்து அந்த டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். பக்கத்தில் பாட்டியை உட்கார வையுங்கள்.