'லே' எங்கே போனது?

ஸ்பானிய மொழியில் 'அவருக்கு' என்றால் 'லே', 'அதை' என்றால் 'லோ', 'கொடுத்தேன்' என்றால் 'தி'. அப்படியானால் 'அவருக்கு அதைக் கொடுத்தேன்' என்பது 'லே லோ தி' என்றுதானே வரவேண்டும்? அப்படிச் சொல்வதில்லை. 'ஸே லோ தி' என்கிறார்கள். 'எனக்கு அதை' என்பது 'மே லோ', 'உனக்கு அதை' என்பது 'தே லோ'. படர்க்கையில் மட்டும் 'லே' மறைந்து, 'தன்னை', 'தனக்கு' என்று பொருள்படும் 'ஸே' அந்த இடத்தில் வந்து நிற்கிறது.

'லே லோ' காதுக்கு இனிக்காததால் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொடுப்பதுண்டு. எனக்கு இது ஒப்பவில்லை. மந்தமானவனைக் குறிக்க 'லேலோ' என்றே ஒரு சொல் ஸ்பானியத்தில் இருக்கிறது. இணையானது என்பதற்குப் 'பாரலேலோ' என்கிறார்கள். யார் காதும் கூசவில்லை.

விடை லத்தீனில் இருக்கிறது. 'அவருக்கு அதை' என்பது அங்கே 'இல்லி இல்லும்'. வேகமான பேச்சில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவே அகப்பட்ட லகரம் குழைந்து, ஸ்பெயினின் காஸ்தீலியப் பகுதியில் ஏறக்குறைய ஜகரமானது. பெண்ணைக் குறிக்கும் லத்தீன் 'முலியர்' அங்கே 'முஜெர்' ஆனதும் இதே வழியில்தான். ஆக, இடைக்கால ஸ்பானியர் சொன்னது 'ஜெலோ'. 'மியோ சித்' என்னும் பழைய ஸ்பானியக் காப்பியத்தில் இந்த வடிவத்தைப் பார்க்கலாம். இதன் உடன்பிறப்பான 'லியேலோ' இத்தாலியத்தில் இன்றும் புழங்குகிறது.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஜகரம் அதிர்வை இழந்து ஷகரமானது. காஸ்தீலியர் ஸகரத்தையும் நுனிநாக்கை உயர்த்தி, ஷகரத்துக்கு அருகில்தான் ஒலிப்பார்கள். 'ஷெலோ'வைக் கேட்டவர்கள், ஏற்கெனவே பழகியிருந்த 'ஸே'யை அதில் கண்டுகொண்டார்கள். 'ஸே லோ' நிலைத்தது. 'முஜெர்' தன் வழியே போய் இன்று தொண்டையில் உரசும் 'முஹெர்' ஆகிவிட்டது. 'ஜெலோ' தடம் மாறாதிருந்தால் அதுவும் இன்று 'ஹெலோ' ஆகியிருக்கும்!

இந்த மாற்றத்தில் ஒன்று கைநழுவியது. 'லே' ஒருமை, 'லேஸ்' பன்மை. 'ஸே'வுக்கு அந்த வேறுபாடு கிடையாது. 'ஸே லோ திஹே' என்றால் அவரிடம் சொன்னேனா, அவர்களிடம் சொன்னேனா? மெக்ஸிகோ உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளில் இதற்கு மக்களே வழி கண்டார்கள். கேட்டவர்கள் பலர் என்றால் 'ஸே லோஸ் திஹே' என்கிறார்கள். சொன்ன செய்தி ஒன்றுதான்; ஆனாலும் 'அவர்களுக்கு' என்பதன் பன்மையை 'அதை' சுமக்கிறது. இலக்கணப்படி பிழை என்று திருத்துவோர் உண்டு. படித்தவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். இதைப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.