சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது? ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மானிய விலையில் உளுந்து விதை வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண் விவசாயி, விதையைப் பற்றிப் பேசாமல் இன்டர்நெட் பெட்டியைப் பற்றிக் கேட்டார்.

அவரிடம் இரண்டு கலப்பின மாடுகள். ஒன்று தலையீத்துச் சினை. கணவரின் அறுவை சிகிச்சைக்காகக் கோவையில் தங்க வேண்டியிருந்ததால், கொட்டகையில் கேமரா மாட்டிவிட்டு, போனிலேயே மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் மாலை இடியுடன் மழை. கரண்ட் போனது. போனில் படமும் நின்றது.

"பத்து நிமிசத்துல கரண்ட் வந்துருச்சுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க சார். சரி, படமும் வந்துரும், வலி எடுத்தா பார்த்துட்டு ஆளை அனுப்பலாம்னு இருந்துட்டேன். பொட்டி மட்டும் எந்திரிக்கவே இல்லீங்க."

கம்பெனி எண்ணில் பதிவுசெய்த குரல்தான் பேசியது. உள்ளூர் ஆபரேட்டர், "நாளைக்கு வர்றேன்க்கா" என்றார். விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்த்தபோது கன்று பாதி வெளியே வந்து இறந்து கிடந்தது. மாடு பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் வந்த ஆபரேட்டர் மாற்றிக் கொடுத்தது அடாப்டரை மட்டும்தான். சில நூறு ரூபாய் பொருள்.

இந்தப் பெட்டியால் பாடுபடுவது அவர் மட்டுமல்ல. நானும் என் வீட்டில் பட்டிருக்கிறேன். பட்ட பிறகு கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

விளக்கு சொல்லும் சேதி

ஃபைபர் என்பது முடி போன்ற கண்ணாடி இழை. அதில் ஓடுவது மின்சாரம் அல்ல, ஒளி. அந்த ஒளியை இன்டர்நெட்டாக மாற்றுவதுதான் வீட்டிலுள்ள பெட்டியின் வேலை. அந்தக் காலத்து டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபரில் அது நடக்காது. வீட்டுக் கரண்ட் போனால் பெட்டியும் அணைந்துவிடும்.

எந்த விளக்கும் எரியவில்லை என்றால் கோளாறு அடாப்டரிலோ, பிளக்கிலோ, பெட்டியிலோ இருக்கிறது. 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ஒயர் அறுந்திருக்கலாம், மடங்கியிருக்கலாம், ஆபரேட்டர் பக்கம் கரண்ட் இல்லாமலும் இருக்கலாம். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது. 'பி.ஓ.என்.' விளக்கு நிற்காமல் மினுக்கினால், ஒளி வருகிறது, ஆனால் ஆபரேட்டரின் கருவியோடு பெட்டி சேரவில்லை என்று பொருள். அதை அவர்தான் சரிசெய்ய வேண்டும். போன் செய்யும்போது "நெட் வரலை" என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று சொல்லுங்கள். பாதி நேரம் மிச்சமாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. அறுந்த இழையின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

கரண்ட், இடி, எலி

அடாப்டரின் மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பதுபோல அச்சிட்டிருக்கும். அதே வோல்ட்டும், அதற்குக் குறையாத ஆம்பியரும் உள்ள மாற்று அடாப்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முனையும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரூட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். கேமராவுக்கும் தனியாக மாற்று மின்சாரம் வேண்டும். பெட்டி மட்டும் எரிந்து பயனில்லை.

கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. ஆனால் அடாப்டர் வழியாகவும், கொட்டகைக்கு வெளியில் இழுத்த லேன் ஒயர் வழியாகவும் பாயும். மழை கூடும்போதே, இடி நெருங்குவதற்கு முன்பே, பிளக்கைப் பிடுங்கிவிடுவது நல்லது. ஒயரை ஆணியில் மடித்துக் கட்டாதீர்கள். கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். தானிய மூட்டை இருக்கும் வீட்டில் எலி ஒயரையும் கடிக்கும். குழாய்க்குள் விட்டு இழுப்பது நல்லது.

கொட்டகைக்கு எட்டாத வைஃபை

பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று திட்டிப் பயனில்லை. உயரமாக, கொட்டகைப் பக்கச் சுவரில் மாட்டுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் பலவீனமாகிவிடும். விலை குறைந்த கேமராக்கள் பெரும்பாலும் 2.4-இல் மட்டுமே இயங்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கேமராக்கள் இணைய மறுக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். லேன் ஒயர் என்றால் 100 மீட்டர் வரைதான்.

பெட்டி யாருடையது?

சந்தையில் நல்ல பெட்டி வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பெட்டியின் வரிசை எண்ணை ஆபரேட்டர் தன் கருவியில் பதிந்தால்தான் அது வேலை செய்யும். அதனால் பெரும்பாலும் அவர்கள் தரும் பெட்டிதான். செட்டிங் பாஸ்வேர்டும் பலருக்குத் தரப்படுவதில்லை. இணைப்பு எடுக்கும்போதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பெட்டி சொந்தமா, வாடகையா? முன்பணம் எவ்வளவு, அது திரும்ப வருமா? பழுதானால் செலவு யாருடையது? வைஃபை பாஸ்வேர்டை நாமே மாற்றலாமா? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். வரிசை எண் தெரியும்படி பெட்டியை போட்டோ எடுத்து வையுங்கள். இணைப்பைத் துண்டித்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ரசீது வேண்டும். எனக்கு அந்த ரசீது இல்லாததால், கொடுத்துவிட்ட பெட்டிக்கே பணம் கேட்டார்கள்.

புகார் செய்யும் முறை

ஆபரேட்டரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. கம்பெனியின் சேவை எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு சேவைக் குறைகளுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

அந்தப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். இப்போது யு.பி.எஸ். வாங்கி மாட்டியிருக்கிறார். "அடுத்த ஈத்துக்கு கேமராவும் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயும் ராத்திரி ரெண்டு தடவை எட்டிப் பாருங்கன்னு சொல்லி வெச்சிடுவேன் சார்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.