சுண்ணாம்பு திரும்பி வரும் வழி

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சொட்டு விழாது. வெள்ளைவெளேரென்று உறைந்து கிடக்கும். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகி ஓடும். ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ்தான் அதற்கு எல்லைக்கோடு. எத்தனை முறை உறைந்து உருகினாலும் அதே எண்ணெய்தான். பாடப்புத்தகத்தில் இதற்கு மீள் மாற்றம் என்று பெயர். தோசைக்கல்லில் ஊற்றிய மாவை எவ்வளவு ஆறவைத்தாலும் மறுபடி மாவாகாது. அது மீளா மாற்றம்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சலும் மலையில் வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் அதற்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் கைக்குக் கிடைப்பது 56 கிலோதான். மீதி 44 கிலோவும் காற்றோடு போனது! இப்படிச் சுட்ட சுண்ணாம்பை வெறுமனே ஆறவிட்டால் பழைய கல்லாகாது. தண்ணீர் தெளித்தால் சீறும், ஆவி பறக்கும், கட்டி பிளந்து மாவாக உதிரும். பக்கத்தில் அடுப்பே இருக்காது. சுண்ணாம்பும் தண்ணீரும் சேரும்போதே பிறக்கும் சூடு அது. 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் வாங்கி 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிவிடும்.

பொங்கலுக்கு முன் இதைத்தான் கரைத்து, துளி நீலம் கலந்து, மட்டையால் சுவரில் அடிப்பார்கள். அடிக்கும்போது சுவர் மங்கலாக, திட்டுத் திட்டாக இருக்கும். 'இதற்கா இவ்வளவு கூலி?' என்றுகூடத் தோன்றும். காயக் காயத்தான் பளிச்சென்று வெளுக்கும். ஈரம் போவது ஒரு காரணம். அதோடு, சுவரிலுள்ள சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகி இறுகுகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் மீட்டுக்கொள்கிறது. போன வழியே வரவில்லை, சுற்றுவழியில் வந்து சேர்ந்தது.

ஆகவே 'மீளா' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆறவைப்பது, உலர்த்துவது போன்ற எளிய வழிகளில் மீளாது என்றுதான் அதற்குப் பொருள் கொள்ளலாம். மீளா மாற்றத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அவித்த முட்டை. 2015இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த ஆய்வாளர்கள், அவித்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, அதிவேகமாகச் சுழலும் கருவியிலிட்டு, அதிலிருந்த ஒரு புரதத்தைப் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். முழு முட்டை திரும்பவில்லை. குஞ்சு பொரிக்கப் போவதும் இல்லை.

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். கடலை அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, இரவு மூடி வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் ஆடாமல் இறுத்து, அதில் இரண்டு தேக்கரண்டியை வேறொரு டம்ளரில் எடுத்து, சோடாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தெளிநீர் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மைதான் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலில் இருக்கும் அதே பொருள். நிறுத்தாமல் டம்ளர் நிறைய சோடாவை ஊற்றினால் வெண்மை கரைந்து மறுபடி தெளியும். அந்தத் தெளிநீரைக் காய்ச்சினால்? வாயு பிரிந்து போக, வெண்மை திரும்ப எட்டிப் பார்க்கும். உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது, வாயில் வைக்கவும் கூடாது. சுட்ட சுண்ணாம்புக் கட்டியைத் தொடவே வேண்டாம்.